நண்டு, ஒட்டகச்சிவிங்கி, மிக்கேல் தூதர்

நியூயார்க்கில் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தை ஒட்டி ஒரு 'அமைதி நீரூற்று' இருக்கிறது. நியூயார்க் எபிஸ்கோபல் (ஆங்கிலிக்கன் வழிவந்த அமெரிக்கக் கிறிஸ்தவ சபை) மறைமாவட்டத்தின் 200ஆம் ஆண்டு நினைவாக 1985இல் சிற்பி கிரெக் வயட் வடித்தது. அமைதி என்றால் புறா இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இங்கே இருப்பது ஒரு ராட்சத நண்டு! உயிர் கடலில் தோன்றியதற்கு அடையாளமாம். அதன் கொடுக்குக்குக் கீழே சாத்தானின் வெட்டுண்ட தலை தொங்குகிறது. வெட்டிய தேவதூதர் மிக்கேல் மேலே சிறகு விரித்து நிற்க, ஓர் ஒட்டகச்சிவிங்கி அவர் மார்பில் தலை சாய்த்திருக்கிறது. சாதுவான பிராணி என்பதால் சிற்பி மொத்தம் 9 ஒட்டகச்சிவிங்கிகளை வைத்திருக்கிறார். பீடமோ டிஎன்ஏ போல முறுக்கிய இரட்டைச் சுருள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே குழப்படிதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது. அப்புறம், சிற்பத்தில் இருக்கும் சூரிய முகத்துக்குப் பக்கத்தில், பைபிளில் வரும் தீர்க்கதரிசி ஏசாயா சொன்ன அமைதியான உலகை நினைவூட்டும் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் ஒளிந்திருக்கின்றன; போகிறவர்கள் தேடிப் பாருங்கள்.