சமயங்களை ஒப்பிடுதல்: ஒரு மாசி மாத நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 26, புதன்கிழமை, சிவராத்திரி

எங்கள் இலங்கை நாட்டுப் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) வரை சமயம் ஒரு கட்டாய பாடம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய சமயத்தை மட்டுமே படிக்கிறது. சமயபாட வேளைக்கு மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். இப்படியே ஆண்டுக்கணக்கில் பிரிந்து படித்த பிள்ளையொன்று, சைவநெறி கற்பிக்கும் என்னிடம், "சேர், எந்தச் சமயம் நல்ல சமயம்?" என்று கேட்டது. "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, இந்த மாதம் முடியும் மட்டும் இதைப்பற்றி எழுதிப் பார்ப்பதாகத் தீர்மானித்திருக்கிறேன்.

இன்றிரவு கோயில்களில் சொல்லப்படும் லிங்கோற்பவக் கதையே யார் பெரியவர் என்ற சண்டையில்தான் தொடங்குகிறது. பிரமனும் திருமாலும் மோதுகிறார்கள். அடியும் முடியும் தெரியாத சோதி எழுகிறது. திருமால் தன்னால் காண முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிரமனோ தாழம்பூவைச் சாட்சியாக வைத்து முடியைக் கண்டேன் என்கிறார். சிவனே பெரியவன் என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டுவது நம்மவர் வழக்கம். எனக்கோ, காணவில்லை என்றவருக்குத் தண்டனை கிடைக்காமல், கண்டதாகப் பொய் சொன்னவருக்கே கிடைத்தது என்பதுதான் அக்கதையின் உயிராகப் படுகிறது.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியாகிய பரபக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு காலை முழுவதும் இருந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் கண்ணுக்குத் தெரிவதே உண்மை என்னும் உலகாயதன் முதல் திருமாலே முதல்வன் என்னும் பாஞ்சராத்திரி வரை 14 மதங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் முதலில் "மதம்" என்று ஒரு பகுதியும், பின்னர் "மறுதலை" என்று ஒரு பகுதியும் எழுதியிருக்கிறார். மறுதலையில் அவருடைய சொல் கடுமையாகவே செல்கிறது. ஆனாலும் எதிராளியின் கட்சியை அவன் வாயாலேயே பேசவிட்ட பிறகுதான் மறுக்கத் தொடங்குகிறார் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பௌத்தர்களையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடாமல், சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்யமிகன், வைபாடிகன் என்று நால்வராகப் பிரித்துக் கேட்கிறார். இந்தப் பொறுமை, இன்று சமயங்களை ஒப்பிடுகிறோம் என்று சொல்பவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து எழுதப்பட்டது மணிமேகலை. அது பௌத்தக் காப்பியம். அதிலும் வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, பூதவாதி எனப் பலரும் தத்தம் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை இருந்து கேட்கிறாள். தமிழில் சமய ஒப்பீடு என்பது நேற்று வந்த சரக்கு அன்று.

யாழ்ப்பாணத்தில் இந்த மரபை அச்சுக்குக் கொண்டு வந்தவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் சைவதூஷண பரிகாரத்தை எழுதியபோது, கோயிற் கிரியைகளை இகழ்ந்த மிஷனரிமாருக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே, எருசலேம் தேவாலயத்துப் பலிகளையும் தீபங்களையும் தூபங்களையும் எடுத்துக்காட்டினார். எதிராளியின் நூலை அவனளவுக்குப் படித்திருந்ததால்தான் அது முடிந்தது. இன்று நாவலர் பெயரைச் சொல்லி மேடையேறுகிறவர்கள் விவிலியத்தில் ஓர் அதிகாரத்தையாவது முழுமையாகப் படித்திருந்தால் நன்றாக இருக்கும்.

நம் சமயத்தின் உபதேசத்தை எடுத்து, அடுத்தவன் சமயத்தாரின் நடத்தையோடு ஒப்பிடுவதுதான் இங்கே நாள்தோறும் நடக்கும் அநியாயம். திருவாசகத்தின் உருக்கத்தை ஒரு தட்டிலும் போர்த்துக்கேயர் இடித்த கோயில்களை மறு தட்டிலும் வைத்து நிறுத்துகிறோம். அவர்கள் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை ஒரு தட்டிலும் நம்முடைய சாதிக் கிணறுகளை மறு தட்டிலும் வைக்கிறார்கள். இரண்டும் கள்ளத் தராசு. உபதேசத்தை உபதேசத்தோடும், நடத்தையை நடத்தையோடும் ஒப்பிட வேண்டும். அதற்குப் பிறகு, ஒவ்வொரு சமயத்திலும் உபதேசத்துக்கும் நடத்தைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 5, புதன்கிழமை, சாம்பல் புதன்

கத்தோலிக்கம் கற்பிக்கும் ரீச்சர் காலைத் திருப்பலி முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்திருந்தார். நான் வழக்கம்போல் திருநீற்றோடு இருந்தேன். ஓய்வறையில் ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்து, "பாருங்கோ, எல்லாம் ஒண்டுதான்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் நாங்கள் இருவருமே அதை ஏற்கவில்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி, அதாவது தொடக்கமில்லாதது; உயிரைக் கட்டும் தளையான பாசமும் அநாதி, பிறவி பல. ரீச்சருடைய நம்பிக்கையில் உயிர் இறைவனால் படைக்கப்பட்டது, வாழ்வு ஒன்று, அதன் முடிவில் தீர்ப்பு. புத்தரோ நிலையான ஆன்மா என்று ஒன்றையே ஏற்கவில்லை. இவற்றையெல்லாம் ஒன்று என்பது மரியாதை போலத் தோன்றினாலும், உண்மையில் எவருடைய போதனையையும் செவிமடுக்க மறுப்பதே ஆகும்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் நண்பர் வீட்டில் நோன்பு துறப்பதற்கு அழைத்திருந்தார்கள். கஞ்சியில் இறைச்சி போடுவது அவர்கள் வழக்கம். நான் இறைச்சி உண்ணாதவன் என்பதற்காக எனக்கென்று தனிச் சட்டியில், தேங்காய்ப்பாலும் றம்பையும் உள்ளியும் மட்டும் போட்டுக் காய்ச்சி, கரண்டியைக்கூட மாற்றி வைத்திருந்தார்கள். பகல் முழுவதும் தண்ணீரும் குடிக்காமல் இருந்தவர்கள், பாங்கு சொன்ன பிறகும் எனக்குப் பரிமாறிவிட்டே இருந்தார்கள்.

உணவுக்குப் பின் அவரிடம், "உங்கள் வேதத்தில் உங்களையே அதிகம் சுடுகிற இடம் எது?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் குர்ஆனின் 107ஆம் அத்தியாயத்தை ஓதிப் பொருள் சொன்னார். ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுபவனும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனுமே தீர்ப்பைப் பொய்யாக்குபவன் என்றும், தொழுகையில் கவனமின்றிப் பிறர் காணத் தொழுது, அற்பமான புழங்குபொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவருக்குக் கேடு என்றும் அது சொல்கிறது. தொழுகையைக் கடமையாக்கிய வேதமே தொழுகையாளியைப் பார்த்துக் கேடு என்கிறது!

நெடுநாளாக நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சமயம் பிறரை என்ன சொல்லிக் கண்டிக்கிறது என்பதைவிட, தன்னை வணங்க வந்தவனையே என்ன சொல்லிக் கண்டிக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரிகிறது. விவிலியத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயிலாக இஸ்ரவேலரின் கடவுள், உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். நம்முடைய திருமூலரும் அதே இடத்தில்தான் கை வைக்கிறார்:

"படமாடக் கோயில் பகவற்கு ஒன்று ஈயில்
நடமாடக் கோயில் நம்பர்க்கு அங்கு ஆகா."

கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுத்தது நடமாடும் மனிதனைச் சென்று சேராது. மனிதனுக்குக் கொடுத்தது இறைவனைச் சேரும் என்று அப்பாட்டு மேலே செல்கிறது. கோபுரத்துக்கு மேல் கோபுரம் எழுப்பிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்களில் இந்தப் பாடலை யாராவது உரத்துப் பாடினால் ஆகாதா?

நண்பருடைய குடும்பம் 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரோடும், இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பம். அது சமயத்தின் பெயரால் நடந்ததன்று. ஆயினும் அயலான் என்பவன் யார் என்று நாள்தோறும் கற்பித்த கோயில்களும் தேவாலயங்களும் நிறைந்த நகரத்திலேயே அது நடந்தது. நண்பர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. கஞ்சி இன்னும் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

மார்ச் 10, திங்கட்கிழமை

நேற்றைய அளவுகோலை என் சொந்தச் சமயத்தின்மேல் வைத்துப் பார்க்காவிட்டால் அதற்குப் பெறுமதி இல்லை.

"சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்று அப்பர் பாடினார். தொழுநோயால் உடல் அழுகிய புலையராயினும் சிவனுக்கு அன்பராகில் அவரே நாம் வணங்கும் கடவுள் என்றும் பாடினார். இந்தத் தேவாரங்கள் எங்கள் கோயில்களில் பூசை தவறாமல் ஓதப்பட்டு வந்தன. அதே கோயில்களின் கதவுகள் ஒரு பகுதி அடியாருக்கு மூடியே கிடந்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய முயன்றவர்கள் வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். நாவலரின் தொண்டை எவ்வளவு போற்றினாலும், சாதி வேறுபாட்டை அவர் ஏற்றுக்கொண்டே எழுதினார் என்பதை மறைக்கக் கூடாது. அந்த ஒரு விடயத்தில் அப்பர் பக்கம் நிற்பதா நாவலர் பக்கம் நிற்பதா என்றால், நான் அப்பர் பக்கமே நிற்பேன்.

இந்த நோய் நம்மோடு மட்டும் நிற்கவில்லை. கிறிஸ்தவ ஆலயங்களுக்குள்ளும் சாதி இருந்தது. பிறப்பினால் எவரும் இழிந்தவராவதில்லை என்று புத்தர் போதித்தார். ஆனால் 1753இல் இலங்கையில் அமைந்த சியாம் நிக்காய என்ற பிக்குகள் பிரிவு காலப்போக்கில் கொவிகம என்ற உயர்சாதியினருக்கு மட்டும் உபசம்பதை (பிக்குவாகும் முழுத் தீட்சை) வழங்க, அதற்கு மறுமொழியாக 1803இல் அமரபுர நிக்காய என்ற பிரிவு தோன்றியது. எல்லாப் பக்கமும் நடத்தை ஏறக்குறைய ஒரே அளவில்தான் சறுக்கியிருக்கிறது. ஆனால் கதவைத் திறக்கச் சொன்னவர்கள் தம் நியாயத்தைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அப்பர் கதவுக்கு உள்ளேயே இருந்தார். அப்படி ஒரு குரல் உள்ளே இல்லாத சமயமும், இருந்த குரலை அழித்துவிட்ட சமயமும் எவ்வளவு அழகாகப் பேசினாலும் எனக்கு அச்சம் தருவன.

மார்ச் 13, வியாழக்கிழமை, மெதின் போயா (பௌத்தரின் முழுமதி நாள்)

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பௌத்தத்தின் உபதேசத்தை நியாயமாக எடைபோடுவது எளிதன்று. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு போதனையாக அறிமுகமாகவில்லை. இராணுவ முகாமுக்கு அருகே வைக்கப்பட்ட சிலையாகவே அறிமுகமாகியது. யாழ்ப்பாணத்துத் தையிட்டியில், தங்களிடம் உரிமைப்பத்திரம் உள்ள காணிகளில் விகாரை கட்டப்பட்டுவிட்டது என்று கூறி உரிமையாளர்கள் போயா தினங்களில் போராட்டம் நடத்திவருகிறார்கள். அவர்களுடைய கோரிக்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் அதற்கு எனக்குச் சைவ நியாயம் எதுவும் தேவைப்படவில்லை. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதே என்பது பஞ்சசீலத்தில் இரண்டாவது. போயா தினத்தில் அந்த விகாரையில் சீலம் எடுப்பவர்கள் அதையும் வாயாற் சொல்லித்தான் எடுக்கிறார்கள். புத்தருடைய போதனை அங்கே வேலிக்கு வெளியே, காணிக்காரரோடு நிற்கிறது. அசோகனுடைய பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டும், தன் சமயத்தின்மேல் உள்ள பற்றினால் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே தீங்கு செய்கிறான் என்கிறது. இவற்றை நம் மாணவர்கள் அறிந்திருந்தால், பௌத்தத்தை இகழாமலே பேரினவாதத்தை எதிர்க்க அவர்களால் முடியும். காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதையும் சேர்த்துப் படிப்பிக்கலாம்: வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ ஏற்காமல், எது தீங்கு தரும், எது நன்மை தரும் என்று நீங்களே அறிந்து நடவுங்கள்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை

ரீச்சரோடு பேசியதில் இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. வெளியே நிற்பவனைப் பற்றி ஒரு சமயம் என்ன சொல்கிறது? திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று நெடுங்காலம் போதித்த கத்தோலிக்கம், 1965 ஒக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (ஆயர்களின் உலகப் பேரவையின்) ஏட்டில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் தான் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அதைச் சொல்லும்போது ரீச்சரின் முகத்தில் பெருமை தெரிந்தது; பெருமைப்பட வேண்டிய விடயம்தான். நான் சித்தியாரிலிருந்து "யாதொரு தெய்வம் கொண்டீர், அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்ற அடிகளைச் சொன்னேன். ரீச்சர் உடனே மடக்கினார்: "அப்ப நாங்கள் இயேசுவைக் கும்பிட்டாலும் உங்கட சிவன்தான் வாறார் எண்டு சொல்லுறீங்கள். இது எங்களை மதிக்கிறதா, இல்லாட்டி உங்கட வீட்டுக்குள்ள இழுக்கிறதா?"

நியாயமான கேள்வி. அதே கேள்வியை அவருடைய சங்க ஏட்டின்மேலும் கேட்கலாம் என்று நான் சொல்ல, அவர் சிரித்து ஒப்புக்கொண்டார். அதிபர் இணங்கினால் அடுத்த தவணையில் ஒரு பாடவேளை இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக இருத்தி, நான் ஆமோஸ் நூலின் ஐந்தாம் அதிகாரத்தையும் அவர் சாதியை மறுத்து அப்பர் பாடிய பதிகத்தையும் படிப்பிப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். பதிகத்துக்குப் பதவுரை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். இன்றிரவு அதை எழுத வேண்டும்.