முட்டிக்குக் கீழே தலையணை வேண்டாம்

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே, மகளோ மருமகளோ பாசமாக ஒரு தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். வலி உடனே அடங்கும். மூட்டு லேசாக மடங்கியிருந்தால்தான் உள்ளே தேங்கிய நீருக்கு இடம் கிடைக்கும். அந்தச் சுகம்தான் அது. அதிலேயே ஆறு வாரம் கிடந்தால் முட்டி பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியபடியே இறுகிவிடும். உள்ளே மாட்டிய கோபால்ட்-குரோமியம் உலோக மூட்டு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நடை நொண்டல்தான். நேராகாத காலில் நிற்க, தொடைத் தசை ஓயாமல் உழைக்க வேண்டும்.

சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நின்று, தன் எடையிலேயே கீழே இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. பிறகு முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள், பத்து முறை. வலி மாத்திரையை அரை மணி முன்னால் போட்டுக்கொண்டால் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி வந்தால் நல்லதுதான், ஆனால் பிசியோ முதலில் பார்ப்பது எவ்வளவு நீள்கிறது என்பதை.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்குத் தலையணை இரண்டு காலுக்கும் நடுவே. பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்குவதும், கால் மேல் கால் போடுவதும், பாதம் உள்ளே திரும்புவதும் சேரும்போது மூட்டின் பந்து அதன் கிண்ணத்தை விட்டு நழுவலாம். மனையில் உட்கார்ந்து மீன் ஆய்வது, அடி பம்பில் குனிந்து குடம் தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேறு ஆள் வேலை.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீடுகள் ஒடுக்கம். அட்மிட் ஆவதற்கு முன்பே பாத்ரூம் கதவையும் வாக்கரின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். வாக்கர் நுழையாத கதவில் சுவரைப் பிடித்து உள்ளே போகும்போதுதான் விழுகிறார்கள். குந்தும் கக்கூஸ் என்றால் கமோட் நாற்காலி வாங்கியே ஆக வேண்டும். மாடிப்படி செங்குத்து என்றால் கைப்பிடி முக்கியம்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால்.

தையல் ஈரம் ஒரு வாரத்துக்கு மேல் காயாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அது நோயை மூடி மறைக்கும், சர்ஜன் பார்க்க வேண்டிய நாள் தள்ளிப்போகும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் 108தான்.

முட்டி மாற்றியவர்களுக்குத் தழும்பின் வெளிப்பக்கம் கொஞ்ச இடம் மரத்துக் கிடக்கும். அங்கே ஓடும் சின்ன நரம்பு, தோலைக் கீறும்போதே அறுபடுகிறது; சிலருக்கு அந்த மரப்பு முழுசாகப் போவதே இல்லை. அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமல் கொப்பளம் போடும். ஐஸ் வையுங்கள், அதுவும் துணியில் சுற்றி, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.