மல்கோவா எத்தனை கிலோ? வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக்கும் வழி

சேலம் குகைப் பகுதியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சமன்பாடாக எழுதிக் கொடுத்தால் மளமளவென்று தீர்த்துவிடுகிறார்கள். அதையே நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பேனா மூடியைக் கடிக்கத் தொடங்குகிறார்கள். இத்தனைக்கும் பலர் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். கூலிக் கணக்கை வாயாலேயே போடுகிறவர்கள்.

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று யாரோ சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை முதலில் மறக்கச் சொல்வேன். 15 ஜோடி கொலுசு விற்ற பிறகு கடையில் மீதி 28 ஜோடி, முதலில் எத்தனை இருந்தது? ‘மீதி’யைப் பார்த்ததும் கழிக்கிறவனுக்கு 13 வரும். விற்பதற்கு முன்பு கடையில் இப்போது இருப்பதைவிடக் குறைவாகவா இருந்திருக்கும்? விடை 43.

அடுத்தது, சமன்பாட்டுக்கு முந்தைய வரி. என் கணிப்பில் கணக்கின் பாதி அங்கேதான் இருக்கிறது. கடைவீதியில் ஒருவர் மல்கோவாவும் பெங்களூராவுமாக 10 கிலோ மாம்பழம் வாங்குகிறார். மல்கோவா கிலோ 120 ரூபாய், பெங்களூரா 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த பணம் 640. ஒவ்வொன்றும் எத்தனை கிலோ?

மாறிக்கு, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய எண்ணுக்கு, எந்த எழுத்தும் வைக்கலாம், இங்கே ‘க’. ‘க = மல்கோவா’ என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவேன். க பழமா, விலையா, எடையா? ‘க = வாங்கிய மல்கோவாவின் எடை, கிலோவில்’ என்று முழுதாக எழுத வேண்டும். அப்படி எழுதியவருக்குப் பெங்களூரா (10 − க) கிலோ என்பது தானாக வந்துவிடும். இரண்டாவது எழுத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

120க + 40(10 − க) = 640
80க + 400 = 640
க = 3

மல்கோவா 3 கிலோ, பெங்களூரா 7 கிலோ.

இதே கணக்கைப் பழக்கடைக்காரரிடம் கேட்டால் எழுத்தே இல்லாமல் சொல்வார்: பத்தும் பெங்களூராவாக இருந்தால் 400 ரூபாய்தான். 240 கூடுதலாக வந்திருக்கிறது. ஒரு கிலோவை மல்கோவாவாக மாற்றினால் 80 கூடும். அப்படியானால் மூன்று கிலோ. அவர் சொன்ன 400, 80 இரண்டும் மேலே இரண்டாவது வரியில் அப்படியே இருக்கின்றன, பாருங்கள். இதைக் காட்டும்போதுதான் இயற்கணிதம் வேற்றுலகத்துச் சமாச்சாரம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள்.

வயதுக் கணக்கில் அடைப்புக்குறிதான் வில்லன். அப்பாவின் வயது மகனுடையதைப் போல மூன்று மடங்கு. 12 ஆண்டு கழித்து இரண்டு மடங்கு. மகனின் இப்போதைய வயது க என்றால், 3க + 12 = 2(க + 12). மகன் 12, அப்பா 36. அடைப்புக்குறியை விட்டு 2க + 12 என்று எழுதினால் க பூஜ்யமாகிவிடும். இன்று பிறந்த பிள்ளைக்கு இன்று பிறந்த அப்பா! இப்படி ஒரு விடையைக் கூசாமல் அடிக்கோடிட்டு வைக்கும் பிள்ளைகள் உண்டு. விடையைச் சமன்பாட்டில் வைத்துச் சரிபார்த்தாலும் தவறு தெரியாது, ஏனென்றால் பிழையே சமன்பாட்டில்தான். கதையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்காடு பஸ்ஸில் பன்னிரண்டரைப் பயணிகள் என்று வந்தாலும் அப்படித்தான்: திரும்பப் போய் வாக்கியத்தைப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு மட்டும் வேறு உபாயம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். மனத்திறன் தாளில் 90 நிமிடத்துக்கு 90 கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே சமன்பாடு எழுதி உட்கார்ந்திருக்க வேண்டாம். கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகக் கதையில் போட்டுப் பார்ப்பது பல நேரம் விரைவு. ஆனால் அதே பழக்கத்தைப் பள்ளித் தேர்வுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. ‘க என்பது இது’ என்ற அந்த முதல் வரியிலிருந்தே எழுதிக்கொண்டு வாருங்கள்.