நீண்ட மௌனத்துக்குப் பிறகு குரூப்பில் எழுதும் முதல் வரி

வீட்டில் ஒரு சாவு, மணமுறிவு, வேலை போய்விட்டது, மாதக்கணக்கில் சிகிச்சை. இப்படி ஏதாவது வந்தால் முதலில் நின்றுபோவது தினமும் பேசிக்கொண்டிருந்த இணையக் குழுதான். தோட்டக்காரர்கள் குழுவோ வாசகர் குழுவோ, எதுவானாலும் மியூட் செய்ய ஒரு விநாடி போதும். ஒரு வாரம் ஒதுங்கி இருப்போம் என்று தொடங்கியது எட்டு மாதமாகிவிடும். துக்கம் கொஞ்சம் தணிந்த பிறகும் திரும்பிப் போக விடாமல் பிடித்து வைப்பது கூச்சம். "இத்தனை நாள் எங்கே போனாய்" என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கூச்சத்தின் கணக்கு பெரும்பாலும் தப்பு. பெகி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 5,900க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். தொடர்புகொள்கிறவர் நினைப்பதைவிட, அந்தச் செய்தி கிடைத்தவருக்கு மகிழ்ச்சி அதிகமாகவே இருந்தது. எதிர்பாராமல் வந்த செய்திக்கு மதிப்பு இன்னும் கூடுதல். ஆனாலும் கை வராது. லாரா அக்னினும் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்கு எழுத விருப்பமும் முகவரியும் நேரமும் இருந்தும் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே செய்தியை அனுப்பினார்கள். அதே ஆய்வில் பலன் தந்த வழியும் இருக்கிறது. இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு முதலில் சில நிமிடம் செய்தி அனுப்பிப் பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆகவே குரூப்பைத் திறக்கும் முன் தம்பிக்கோ தோழிக்கோ இரண்டு செய்தி தட்டுங்கள். விரல் சூடாகட்டும்.

அதற்கும் முன்னால், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 120 நாள் இணைப்பே இல்லாவிட்டால் கணக்கு பொதுவாக நீக்கப்படும். குழுக்களிலிருந்தும் பெயர் போய்விடும். இரண்டு படிச் சரிபார்ப்பின் பின் (PIN) எண்ணை மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் அதுவும் நீக்கப்படலாம், உள்ளே இருக்கும் அஞ்சலும் படங்களும் சேர்த்து. எண்ணை மாற்ற நினைக்கிறவர்கள் பழைய சிம் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பின் 'எண்ணை மாற்று' வழியாகப் போனால் குழுக்கள் அப்படியே கூட வரும். ஆனால் எண் மாறிய தகவல் குழுவில் எல்லாருக்கும் தெரியும். யாரிடமிருந்தோ விலகுவதற்காக எண் மாற்றுகிறவர்கள் அந்த வழியைத் தொட வேண்டாம். புது எண்ணில் புதுக் கணக்கு தொடங்கி, அட்மினிடம் தனியாகச் சொல்லிச் சேருங்கள்.

பிரிந்த துணையும் அதே குழுவில் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரை பிளாக் செய்தாலும், பொதுவான குழுவில் நீங்கள் எழுதுவது அவருக்குத் தெரியும். நீலக் குறியை அணைத்து வைத்திருந்தாலும் குழுவில் படித்த விவரம் போகும். குழுச் செய்திகளை யாருக்கும் தெரியாமல் படிக்கலாம் என்று அந்த அமைப்பை நம்பி இருந்துவிடாதீர்கள்.

திரும்பிப் பார்க்கும்போது குழுவில் உங்கள் பெயரே இல்லையென்றால் மனம் உடனே "ஒதுக்கிவிட்டார்கள்" என்று சொல்லும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் இடமில்லை. பெரிய குழுக்களில் புதியவர்களுக்கு இடம் வேண்டும் என்றால் அட்மின் வெகுநாள் பேசாதவர்களைத்தான் எடுப்பார். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பல நாள் வராதவர்களை மொத்தமாக நீக்க ஒரு பொத்தானே இருக்கிறது. "மறுபடி சேர்க்க முடியுமா?" என்று ஒரு வரி கேட்டால் போதும்.

உள்ளே வந்ததும் தேங்கிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான செய்திகளைப் படிக்க உட்காராதீர்கள். பலரும் இங்கேதான் களைத்து மறுபடி மூடிவிடுகிறார்கள். மேலே பின் செய்து வைத்திருப்பதைப் படியுங்கள், கடைசி ஒரு வாரத்தைப் புரட்டுங்கள், பிறகு தேடலில் நான்கு சொற்களைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் பெயர், 'பாக்கி', 'இரங்கல்', 'அஞ்சலி'. உங்கள் பெயரைத் தேடினால் யார் உங்களை விசாரித்தார்கள் என்று தெரியும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் நாம் நினைத்ததைவிட நீளமாக இருக்கும். 'பாக்கி' என்று தேடினால் நீங்கள் வாங்கி வைத்த புத்தகமோ வசூலித்த தொகையோ நினைவுக்கு வரும். பணம் சம்பந்தப்பட்டதை முதல் செய்திக்கு முன்பே, உரியவரிடம் தனியாகப் பேசி முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு சொற்களும் மிக முக்கியம். நீங்கள் இல்லாத காலத்தில் அங்கேயும் இழப்பு நடந்திருக்கும். இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லி "எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டால் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது.

பிறகு ஒரே ஒருவருக்குத் தனியாக எழுதுங்கள். மிக நெருக்கமானவராக இருக்க வேண்டியதில்லை. அவசரப்படாதவர், கேட்டதை வெளியே கொட்டாதவர் என்றால் சரி. "திரும்ப வரலாம்னு இருக்கேன், குரூப் இப்போ எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலில் புதிய விதியும், நடந்த சண்டையும், யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் வந்துவிடும்.

இனி முதல் செய்தி. ஒரு தோட்டக் குழுவுக்கு இப்படி எழுதலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒரு இழப்பு, அதனால பத்து மாசமா இந்தப் பக்கம் வரலை. அதைப் பத்திப் பேசுற நிலையில இன்னும் இல்லை, தப்பா எடுத்துக்காதீங்க. ரோஜாச் செடியில அடி இலை மட்டும் மஞ்சளாகுது, தண்ணி அதிகமாயிடுச்சா?"

முதல் வரி நீங்கள் திரும்பி வந்ததைச் சொல்கிறது. 'ஒரு இழப்பு' என்பதில் யார், எப்படி என்பது இல்லை. ஆனால் சாதாரணமாக மறந்து போய்விடவில்லை என்பது புரியும். அடுத்த வரி வேலி. இதைப் போடாவிட்டால் "ஐயோ என்ன ஆச்சு?" என்று இருபது பேர் கேட்பார்கள், இருபது தடவை அதே கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரங்கல் சொல்லத் தெரியாமல் தவிக்கிறவருக்கும் இலையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். அவருக்கு நீங்கள் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறீர்கள். கேள்வி உண்மையானதாக இருக்க வேண்டும், சின்னதாகவும் இருக்க வேண்டும்.

நீண்ட மன்னிப்புக் கடிதம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். "நான் ரொம்ப மோசமானவன், யாரையும் கண்டுக்கலை" என்று பத்து வரி எழுதினால் படிப்பவர் உங்களைத் தேற்றியே ஆக வேண்டும். அவர்களும் களைப்பார்கள், நீங்களும் களைப்பீர்கள். இரவு ஒரு மணிக்கு எழுதுவதையும் தவிருங்கள். அந்நேரம் பதில் வராது. வராத பதிலைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பது பெரிய வேதனை. குழு சுறுசுறுப்பாக இருக்கும் நேரமாகவும், அடுத்த அரை மணி உங்களுக்கு ஓய்வாகவும் பார்த்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம்தான். அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். அதனால் வேறெங்காவது எழுதி வைத்து, ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு ஒட்டுங்கள்.

பதிலே வராமலும் போகலாம். வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் செய்தி மேலே போய்விடும், அவ்வளவுதான். அதையே மறுபடி போட வேண்டாம். இரண்டு நாள் கழித்து வேறொருவர் கேட்ட கேள்விக்கு உங்களுக்குத் தெரிந்த பதிலை எழுதுங்கள். தனிச்செய்தியில் வந்து துருவுகிறவருக்கு ஒரே பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது உதவும்: "குரூப்ல சொன்னதே போதும்னு தோணுது அண்ணா. பேசணும்னு இருக்கும்போது நானே சொல்றேன்." மறுபடி கேட்டால் மறுபடி அதே வரி.

மனவருத்தத்தோடு இருப்பவர் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டில் துக்கம் நடந்தபோது நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் உங்கள் கஷ்டத்தைக் காரணமாக நீட்டாமல், அவருடைய கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். "அக்கா, அம்மா போனப்போ நான் ஒரு வார்த்தைகூட கேக்கலை. இப்பதான் படிச்சேன். கடைசி நாள்ல அவங்க எப்படி இருந்தாங்க?" கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். உங்கள் முறை தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். திரும்பி வந்த சந்தோஷத்தில் "அட்மின் ஆகிடுங்க", "கணக்கு நீங்களே பாருங்க" என்று தூக்கிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். துக்க நாள், மணநாள் போன்ற தேதிகளில் குழுவைக் கொஞ்சம் மியூட் செய்துகொள்ளலாம். வாரக்கணக்காகத் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்த வேலையைக் குழுவால் செய்ய முடியாது.

குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெகுநாள் கழித்து ஒருவர் வந்து எழுதினால் "வாங்க" என்று ஒரு சொல் எழுதுங்கள், பிறகு அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த ரோஜாக் கேள்வி என்றால், மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் மேல்மண் காயும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம், தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து "இலை இப்போ எப்படி இருக்கு?" என்று நீங்களே கேளுங்கள்.