ஒரு பெயரில் தேடினால் கிடைக்காதவர்கள்

ரொறன்ரோவில் ஒரு பொது நூலகக் கிளையில் வேலை செய்கிறேன். புதிதாக ஒரு தொடர் பிரபலமானால் எங்களுடைய முற்பதிவுப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2022 ஆகஸ்டில் ‘சாண்ட்மேன்’ நெற்ஃபிளிக்ஸில் வந்தபோது, அதன் மூலமான, நீல் கெய்மன் எழுதிய காமிக்ஸின் பல மாதங்களாக யாரும் தொடாத பத்துத் தொகுதிகளும் கொஞ்ச நாளிலேயே தட்டைவிட்டுப் போய்விட்டன. திரும்பி வந்தவையும் தட்டுக்கு ஏறவில்லை. அடுத்தவருக்குப் பெயர் ஒட்டி, முற்பதிவு அலுமாரிக்கே நேராகப் போயின.

நீல் கெய்மனின் கதைகளைத் தேடி வருகிறவர்களுக்கு உதவுவது சுலபமாகத் தோன்றலாம். பெயரைத் தட்டினால் எல்லாம் வரிசையாக வந்துவிடுமே. ஆனால் திரையில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெயரைக் கேட்பதில்லை. “அந்த ஆறாவது எபிசோட் எந்தப் புத்தகத்தில் இருக்கு?” என்றுதான் கேட்கிறார்கள். மரணம் ஓர் இளம்பெண்ணாக வந்து, கனவுலகின் அரசனான தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், உயிர்களை அன்போடு அழைத்துச் செல்லும் பகுதி அது. அதே எபிசோடின் பின்பாதியில், நான் சாகவே மாட்டேன் என்று 1389இல் ஒரு மதுச்சாலையில் இருந்து சொன்ன ஹொப் காட்லிங், நூறு வருடத்துக்கு ஒருமுறை கனவின் அரசனைச் சந்திக்கிறான். காமிக்ஸில் இவை இரண்டு தனிக்கதைகள். ஒன்று 8ஆவது இதழ், மற்றது 13ஆவது. முதலாவது முதல் தொகுதியின் கடைசியில் இருக்கிறது, அடுத்தது இரண்டாம் தொகுதிக்குள். ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதிக் கதைதான் அவர் வீட்டுக்குப் போகும்.

இரண்டையும் சேர்த்தது நல்ல முடிவு என்பேன். மரணத்தின் கனிவை முதலில் பார்த்துவிட்ட பிறகு, அவளை வேண்டாம் என்று சொல்கிறவனின் ஆறு நூற்றாண்டுகள் வேறு மாதிரித் தெரிகின்றன. மாதம் ஒன்றாக வந்த இதழ்களில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வழியே இல்லை.

தொடரைப் பார்த்துவிட்டு முதன்முதலாகக் காமிக்ஸைத் திறக்கிறவர்களுக்கு நான் காட்டுவது பேச்சுக்குமிழ்களை. கனவின் அரசன் பேசினால் குமிழ் கறுப்பு, எழுத்து வெள்ளை, விளிம்பு நெளிந்திருக்கும். அவனுடைய தங்கை டிலீரியம் பேசும்போது குமிழுக்குள் நிறங்கள் குழம்பும், எழுத்துகள் ஏறி இறங்கும். இந்த எழுத்து வேலையைச் செய்தவர் டொட் க்ளைன். வாசிக்கும்போதே ஆளுக்கொரு குரல் காதில் விழும்படி செய்திருக்கிறார். திரையில் அதற்கு இடமில்லை. அந்தக் கறுப்புக் குமிழை நடிகர் டொம் ஸ்ரறிட்ஜ் தன் தொண்டையால் செய்யவேண்டி வந்தது. சத்தம் போடாமல், அடிக்குரலில், கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகப் பேசுகிறார். “ஏன் இப்படி முணுமுணுக்கிறான்?” என்று அலுத்துக்கொண்ட ஒருவருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றபடியே வாசித்துவிட்டுத் தொகுதியைக் கொண்டு போனார்.

கெய்மனின் நாவல் ‘கோரலைன்’ சிறுவர் பகுதியில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்த தாய்மார் சிலர் அதே எழுத்தாளர் என்று ‘சாண்ட்மேன்’ முதல் தொகுதியையும் பிள்ளைக்கு எடுக்க வருவார்கள். அதில் ஓர் உணவகத்துக்குள் நடக்கும் 6ஆவது இதழைப் பற்றிச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. வளர்ந்தவர்களுக்கே கடினமான கதை அது.

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாசித்த சிறுமி ஒருத்தி ஒருநாள் முறைப்பாட்டோடு வந்தாள். வைபி எங்கே? பக்கத்து வீட்டுப் பையன் புத்தகத்தில் இல்லையே. பி. கிரெய்க் ரஸ்ஸல் 2008இல் வரைந்த காமிக்ஸ் வடிவத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதிலும் இல்லை, கோரலைனின் தலைமுடியும் நீலமில்லை. அந்தப் பையன் இயக்குநர் ஹென்றி செலிக் சேர்த்தவன் என்று சொன்னேன். 2002இல் வந்த நாவலில் கோரலைன் தனக்குள்ளேயே யோசிக்கிறாள், நமக்கு அது கேட்கிறது. படத்தில் அவள் யாரோடாவது கதைத்தால்தானே நமக்குக் கேட்கும்? “அப்ப புத்தகத்தில் அவள் தனியாவே போறாளா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பொம்மைகளை அசைத்து எடுத்து 2009இல் வந்த அந்தப் படத்தில் கோரலைன் பொம்மை போட்டிருக்கும் குட்டிச் சுவெற்றர்களை மயிரளவு மெல்லிய ஊசிகளால் கையாலேயே பின்னினார் அல்தியா க்ரோம் என்பவர். அதையும் சொன்னேன்.

திரையிலிருந்து புத்தகத்துக்கு, எதிர்த்திசையில் போன கதையும் உண்டு. ‘நெவர்வேர்’ 1996இல் பிபிசியில் தொடராக வந்தது. அதில் வெட்டுப்பட்டவற்றை நாவலில் திரும்பச் சேர்த்தார் கெய்மன். ‘குட் ஓமன்ஸ்’ அப்படியல்ல, ரெறி பிராட்செற்றும் அவரும் சேர்ந்து எழுதி 1990இல் வெளிவந்த நாவல். 2015இல் பிராட்செற் இறந்தார். அதைத் திரைக்குக் கொண்டுவரும்படி அவர் கேட்டுக்கொண்டபடியே 2019இல் தொடர் வந்தது.

2024இலிருந்து கெய்மன் மீது பல பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளை முன்வைத்திருக்கிறார்கள். அவர் மறுத்திருக்கிறார். ‘குட் ஓமன்ஸ்’ மூன்றாம் பருவம் ஒரேயொரு 90 நிமிட எபிசோடாகச் சுருங்கியது. எங்கள் மேசைக்கும் கேள்விகள் வந்தன. ஏன் இன்னும் தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டபோது, அவருடைய கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. நூலகத்திலிருந்து அந்தப் புத்தகங்களை எடுப்பது என் வேலையல்ல, எடுக்கவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. முகப்பு மேசையில் அவற்றைக் காட்சிக்கு அடுக்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஆனால் ‘சாண்ட்மேன்’ காமிக்ஸை வரைந்த சாம் கீத், மைக் டிரிங்கென்பெர்க், அதன் 75 இதழ்களுக்கும் அட்டை செய்த டேவ் மக்கீன், க்ளைன், ரஸ்ஸல், செலிக் எல்லாரும் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்துபோவது எனக்கு முன்னரே வருத்தம்தான். இப்போது அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் கோரலைன் பிடித்த பிள்ளைகள் இன்னொன்று கேட்டால், கணினியில் செலிக்கின் பெயரைத்தான் தட்டுகிறேன். ‘த நைற்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ வரும். 1993இல் வந்த அந்தப் படத்தை ரிம் பேர்ட்டன் இயக்கினார் என்றே பலர் நினைக்கிறார்கள். கதை பேர்ட்டனுடையது, இயக்கியவர் செலிக். கீழே, ரோல்ட் டாலின் நாவலிலிருந்து அவர் 1996இல் எடுத்த ‘ஜேம்ஸ் அண்ட் த ஜயன்ற் பீச்’ இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கிறார்கள்.