குடல் ஒப்பரேஷனுக்குப் பிறகு வாற வயித்து நோ: என்ர அனுபவம்

எனக்கு சிறுகுடல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பொருத்தினவை, திருகோணமலையிலதான், வயித்தைத் திறந்து செய்த ஒப்பரேஷன். முதல் நாட்கள்ல குடல் வேலை செய்யாது, வயிறு பொருமிக்கொண்டே கிடக்கும். காலமை வாற டொக்டர் தையலைப் பாக்க முதல் "காத்துப் போச்சுதா" எண்டுதான் கேப்பார், போனாத்தான் குடல் முழிச்சிட்டுது எண்டு அர்த்தமாம். அதுக்கு எனக்கு உதவினது நடைதான், சேலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வாட்டுக்குள்ளேயே மெல்ல மெல்ல நடந்தன். இருமல் வந்தா தலகணியை வயித்தோட அமத்திப் பிடிச்சு இருமச் சொல்லித் தந்த நேர்ஸ் மிஸ்ஸை இண்டைக்கும் நன்றியோட நினைக்கிறன்.

வீட்ட வந்த பிறகும் தையல் இழுக்கும், குனிஞ்சா நோகும், ஆனா ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுகொண்டு வந்தது. இது ஆறுற நோ, பயப்பிடத் தேவையில்ல.

சில மாசம் கழிச்சு வந்தது வேற மாதிரி. தொப்புளைச் சுத்தி முறுக்கி இழுக்கும், கொஞ்சம் விடும், திரும்ப இழுக்கும், பச்சையா சத்தி, வயிறு மத்தளம் மாதிரி, காத்தும் போகேல்ல வெளிக்கும் போகேல்ல. பக்கத்து வீட்டு அன்ரி பாசத்திலதான் விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னவ, ஆனா குடல் அடைச்சுக் கிடக்கேக்க பேதிக்குக் குடிக்கிறது ஆபத்து, தயவுசெய்து ஆரும் செய்யாதீங்கோ. என்ர மனுசன் உடன ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போன உடன முதல்ல சொன்னது "குடல் ஒப்பரேஷன் செய்த ஆள்" எண்டதைத்தான், அதால நிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்து கெதியாப் பிடிச்சிட்டினம்.

ஒப்பரேஷன் செய்த இடத்தில தழும்பு நார் மாதிரி உண்டாகி குடலை ஒட்டிப் பிடிச்சிருக்காம். வயித்தைத் திறந்த கனபேருக்கு இந்த ஒட்டல் இருக்குமாம், அதில பெரும்பாலான ஆக்களுக்கு ஒரு கரைச்சலும் வராதாம். எனக்கு வாயால ஒண்டும் தராமல் சேலைன் ஏத்தி, மூக்கால ட்யூப் விட்டவை, பையில பச்சை நிறத் தண்ணி இறங்க இறங்க வயிறு இளகினது எனக்கே தெரிஞ்சுது. இன்னொரு ஒப்பரேஷன் இல்லாமலே அடைப்பு விட்டிட்டுது. எல்லாருக்கும் அப்பிடி விடாது, விடாட்டி வெட்டித்தான் ஆகவேணும், அதாலதான் காய்ச்சலோ சத்தியோ சேர்ந்து நோ கூடினா கிளினிக் திகதி வருமட்டும் பாத்திருக்காதீங்கோ எண்டு இவ்வளவு சொல்லுறன்.

இப்ப கொஞ்சம் கொஞ்சமா, நல்லா சப்பித்தான் சாப்பிடுறன், இடியப்பமும் சொதியும் ஒரு பிரச்சனையும் தாறேல்ல. நார் கூடின பனங்கிழங்கை விட்டாச்சு. தோடம்பழம் சாறு மட்டும், சக்கையை விழுங்கிறேல்ல.