ஆரல்வாய்மொழிக் கணவாயில் படித்த 1809

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில், திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி ஏன் தோற்றது என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஆங்கிலேயரிடம் நல்ல ஆயுதங்கள் இருந்தன, நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை என்பதுதான் சாரம். முந்தைய தேர்வில் கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் இதையேதான் எழுதியிருந்தேன். திருத்திய ஆசிரியை விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "எந்த இடத்தில் தோற்றார்?"

ஆரல்வாய்மொழியில். நான் பிறந்து வளர்ந்த தோவாளைக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு போர் நடந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் படிக்கும் முறையே மாறிவிட்டது. வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களுக்கும் அந்த முறையைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு தவறு செய்தேன். எதையும் படிக்காமல் நேரே குளச்சலுக்குப் போனேன். வெற்றித் தூணைப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், திரும்பினேன். மனதில் எதுவும் நிற்கவில்லை. பிறகு வகுப்புக் குறிப்புகளோடு மறுபடி போனேன். 1741 ஆகஸ்ட் 10-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியை வென்ற இடம் அது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "ஆனி ஆடியில கடல் சும்மா கெடக்குமா மக்களே? பெரிய போட்டே கரைக்கு வரப் பயப்படும்" என்றார். அதே காலத்தில் ஜாவாவிலும் டச்சுக்காரர்களுக்குப் போர் நடந்ததால் அங்கிருந்து உதவிப்படை வரவில்லை என்று படித்திருந்தேன். முன்னால் கொந்தளிக்கும் கடல், பின்னால் திருவிதாங்கூர் படை. அவர்கள் சரணடைந்த காரணம் அந்த மணலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அங்கே பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னாளில் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவர்களில் ஒருவரானார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை அதற்குப் பக்கம்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, ஆரல்வாய்மொழிக்கு வருகிறேன். போவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து காலவரிசை எழுதினேன். 1799-இல், தளவாய் ஆவதற்கு முன்பே, ஊழல் அமைச்சர்களுக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் போனவர் வேலுத்தம்பி. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அதே 1799-இல்தான். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், தெற்கு முழுவதும் அந்த ஆண்டுகளில் எப்படிக் கொதித்தது என்று தெரியும். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியின் இரண்டாம் போர், அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1805-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் செலவைத் திருவிதாங்கூர் தலையில் கட்டிய உடன்படிக்கை. அப்போது தளவாயாக இருந்தவரும் வேலுத்தம்பிதான். இதை விடையில் மறைக்காதீர்கள். கம்பெனியோடு இணங்கிப் போனவர் ஏன் எதிர்த்தார் என்பதுதான் உண்மையான கேள்வி. கப்பப் பாக்கி ஏறிக்கொண்டே போனது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடியும் கூடியது. 1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடெண்ட் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரி 11-இல், கம்பெனியை எதிர்த்துப் போராட மக்களை அழைத்த வேலுத்தம்பியின் குண்டறை அறிக்கை வெளியானது.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு ஒரு பிப்ரவரி மாதக் காலையில் மாமாவின் பைக்கில் கணவாய்க்குப் போனேன். மாதத்தை யோசித்தே தேர்ந்தெடுத்தேன், போர் நடந்ததும் பிப்ரவரி 10-ஆம் தேதி. சாலை ஓரம் நின்று பார்த்தால் வடக்கே மலை, தெற்கே மலை, நடுவே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வர இதுதான் வாசல். அந்த வாசலைக் குறுக்கே அடைத்துக் கோட்டைச் சுவர் எழுப்பிக் காவல் வைத்திருந்தார்கள். செயின்ட் லெஜர் தலைமையில் கிழக்கிலிருந்து வந்த கம்பெனிப் படை அந்தச் சுவரை நேராக மோதி உடைக்கவில்லை. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு இரவில் தெற்கு மலையில் ஏறி, விடியும் நேரத்தில் மேலிருந்து தாக்கினார்.

அந்தத் தெற்கு மலையை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையும் முள்ளுமான சரிவு. இதில் இருட்டில் ஒரு படை ஏறும் என்று காவலில் இருந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றியது. கிழக்கே மட்டும் பார்த்து நின்றவர்களுக்குப் பக்கவாட்டிலிருந்து வந்தது ஆபத்து. "நல்ல ஆயுதங்கள் இருந்தன" என்று நான் எழுதிய விடை எவ்வளவு குறைபட்டது என்று அப்போது உறைத்தது. வாசல் விழுந்ததும், அதே மாதத்திலேயே உதயகிரியும் பத்மநாபபுரமும் கம்பெனி வசம் போயின. தளவாய் மண்ணடிக் கோவிலில் உயிரை விட்டார், பிடிபடவில்லை.

இந்த வெல்ஷ் 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் இருந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருது தனக்குக் கற்றுக்கொடுத்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியவரும் அவரே. தனக்குக் கற்றுத்தந்தவருக்கு எதிராகவே போரிட்டு, எட்டு ஆண்டு கழித்து எங்கள் மலையில் ஏறியிருக்கிறார். இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை எல்லாம் ஒரே போராட்டம் என்று அப்போதுதான் நம்பினேன்.

அப்புறம், போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றே எழுதிவிடுங்கள். நான் நோட்டின் இடப்பக்கம் புத்தகம் சொன்னதையும் வலப்பக்கம் கண்ணால் பார்த்ததையும் எழுதுவேன். இரண்டும் பொருந்தாத இடத்தில் கோடு போட்டு, மறுநாள் நூலகத்தில் தேடுவேன். போகும் முன் மூன்று கேள்விகளாவது கையில் இருக்கட்டும்: படை எந்தத் திசையிலிருந்து வந்தது, தண்ணீர் எங்கே, பின்வாங்க வழி எது. பழைய கோட்டை தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சியில்கூட இந்த மூன்றும் உதவின.

எம்.ஏ. தேர்வில் 1809 பற்றி மறுபடி கேட்டார்கள். விடையின் முதல் பாதிப் பக்கத்தில் கணவாயின் வரைபடம் போட்டேன். இரண்டு மலை, நடுவே சுவர், தெற்கு மலையில் ஏறும் ஓர் அம்புக்குறி. காரணங்களை அந்த அம்புக்குறியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.